யாழ்ப்பாணத்தில் இல்லாத ஆறும் ஒரு ஆங்கில நாவலாசிரியையும்

மார்ச் இரண்டாம் வாரம் நான்கு நாட்கள் தனியாக யாழ்ப்பாணம் போய் வந்தேன். கோயில் பார்க்கவோ கடல் பார்க்கவோ அல்ல, ஒரு ஆற்றைப் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்த வரியிலேயே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து எல்லோரும் சிரித்து எனக்குப் பழகிவிட்டது.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள். கடந்த ஆறு வருடமாக ஓர் ஆங்கில நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். புத்தகம் வரும்வரை நாவலாசிரியையின் பெயரை எங்கேயும் வெளியிடக் கூடாது என்பது பதிப்பாளரின் கட்டளை. ஆகவே இங்கே அவர் வெறும் அம்மையார்.

வகுப்பில் வருடா வருடம் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன். ஆங்கில எழுத்தாளர் என்றால் பிறந்ததிலிருந்து மேஜைக்கு முன்னால் இறகுப்பேனாவோடு உட்கார்ந்திருந்த ஆள் என்று நினைக்காதீர்கள். ஒரு நூற்றாண்டில் மேடையில் நடித்தவன் நாடகம் எழுதினான். இன்னொரு நூற்றாண்டில் சரக்கு வியாபாரம் நொடித்துப்போனவன் நாவல் எழுதினான். அப்புறம் பாதிரியார் வீட்டுப் பெண்கள் ஆண் பெயரை வைத்துக்கொண்டு எழுதினார்கள். தபால் இலாகா அதிகாரி, கப்பல் மாலுமி, நோயாளி வராத டாக்டர், காலனிகளுக்கு வரி வசூலிக்க வந்தவர் என்று யார் யாரோ எழுதினார்கள். எழுத்தை மட்டும் நம்பிச் சாப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் அம்மையாரும் அந்த ஜாதிதான். நூறு வருடத்துக்கு முன்னால் சிறுவர் பத்திரிகைக்குப் பாட்டெழுதித் தொடங்கியவர். பிறகு ஆண் பெயரில் ஆறு துப்பறியும் கதைகள், ஒரு சமையல் புத்தகம், பத்திரிகையில் வாராவாரம் ரோஜாச் செடி வளர்ப்பது பற்றிக் குறிப்புகள். நடுவில் திடீரென்று யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஒரு நாவல். அது விற்கவில்லை. மறுபடியும் ரோஜாவுக்கே போய்விட்டார். யாழ்ப்பாணத்தை அடுத்த உடுவிலில் ஆசிரியையாக இருந்த தோழியின் வீட்டில் தங்கியிருந்ததாக அந்த நாவலின் முன்னுரையில் ஒரே ஒரு வரி உண்டு. அதுவும் கதையின் ஒரு பகுதிதான், அந்த அம்மாள் இங்கிலாந்தை விட்டு நகரவே இல்லை என்பது அங்கத்திய விமர்சகர்களின் தீர்ப்பு. நான் அதை ஒப்புக்கொண்டதில்லை. அவர் வந்தார், கண்ணால் பார்த்தார் என்று இருபது பக்கத்துக்குப் பின்னுரை எழுதி வைத்திருந்தேன்.

பிப்ரவரியில் பதிப்பாளர் தன் பத்திரிகையில் நாவலின் ஓர் அத்தியாயத்தை வெளியிட்டார். கதாநாயகி மழைக்காலத்தில் ஆற்றைக் கடந்து அக்கரையில் நோயாகக் கிடக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிற இடம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் நாலே வரியில் கடிதம் போட்டார். எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது, இந்தப் பெண்மணி இங்கே வந்ததில்லை, மொழிபெயர்த்தவரும் வந்ததில்லை என்று எழுதியிருந்தார்.

பதிப்பாளர் போன் செய்தார். "மேடம், ஆதாரம் இருந்தா குடுங்க, பின்னுரையைப் போடலாம். இல்லைன்னா எடுத்துடுவோம். மார்ச் இருபதாம் தேதி அச்சுக்குப் போகுது."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பின்னுரை போனால் ஆறு வருட உழைப்பு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் பகற்கனவை எடுத்துத் தமிழில் கொட்டியதாக ஆகிவிடும். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

சென்னையிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். போக வர எனக்கு 11,400 இந்திய ரூபாய் ஆனது. பலாலியிலிருந்து யாழ் நகரம் சுமார் 17 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 2,500 இலங்கை ரூபாய் கொடுத்தேன். இனி வருவதெல்லாம் இலங்கை ரூபாய்க் கணக்கு. நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 7,000. இடியப்பமும் சொதியும் தாராளமாகப் போட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விடுதி முகாமையாளர் நல்ல மனிதர். முதல் நாள் மாலை அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

"ஆறோ? யாழ்ப்பாணத்திலையோ?" அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இஞ்ச கிணறு இருக்கு, குளம் இருக்கு, சுத்திவரக் கடல் இருக்கு. ஆறு பாக்கோணுமெண்டா நீங்கள் வன்னிப்பக்கம் போகோணும் அம்மா."

"மழைக்காலத்துல?"

"மழைக்காலத்தில ரோட்டெல்லாம் ஆறுதான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை எட்டரைக்குக் காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் ஏறினேன். இணுவிலைத் தாண்டி உடுவில், எட்டுக் கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், 80 ரூபாய். உடுவிலில் பழைய பெண்கள் கல்லூரியின் மதிலை ஒட்டி, ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்துகளில் மதியம் வரை நடந்தேன். அழகான ஊர். செம்மண், வாழை, ஒவ்வொரு வீட்டு வளவிலும் ஒரு கிணறு. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் யார் வீட்டில் யார் தங்கினார் என்று யாரைப் போய்க் கேட்பது? கேட்ட இரண்டு பேரும் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். விஷயம் எதுவும் கிடைக்கவில்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் தீர்ந்து, கால் வீங்கி, நாலு மணிக்கு அறைக்குத் திரும்பினேன். அந்த வாசகர் சொன்னது சரியாக இருக்குமோ என்று முதன்முறையாகத் தோன்றியது.

மூன்றாம் நாள் எங்கும் போகப் பிடிக்கவில்லை. சும்மா இருப்பதற்குச் சுன்னாகம் சந்தையையாவது பார்ப்போம் என்று போனேன். நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர், பஸ்ஸுக்கு 100 ரூபாய். சின்ன வெங்காயம் பிடி பிடியாகக் கட்டி மலையாகக் குவித்திருந்தார்கள். காரம் கண்ணில் ஏற, அழுவதற்கு வசதியாகப் போயிற்று. வெளியே நின்ற ஆட்டோக்காரர் தயாளன், நாற்பது வயதிருக்கும், என்ன தேடுறீங்கள் என்று கேட்டார். மூன்று நாள் எரிச்சலையும் அவர் தலையில் கொட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"ஆறெண்டா... வழுக்கியாறு இருக்கக்கா. ஆனா உதை ஆறெண்டு ஒருத்தரும் நினைக்கிறேல்லை. மழைக்கு மட்டும்தான் தண்ணி ஓடும். கந்தரோடைப் பக்கம், இரண்டு கிலோமீட்டர்தான். ஏறுங்கோவன்."

போக, காத்திருக்க, திரும்ப 1,200 ரூபாய் பேசினோம். ஏழு நிமிடத்தில் வயலுக்கு நடுவே ஒரு சின்ன மதகில் நிறுத்தினார்.

"இதுதான்."

எது? நெல் அறுத்த வயல், அதன் நடுவே ஒரு நீளமான பள்ளம், பள்ளத்தில் பசு மேய்கிறது. காவிரிக்கரையில் பிறந்தவளைக் கூப்பிட்டு இதை ஆறு என்று காட்டினால் என்ன சொல்ல? ஆனாலும் விடவில்லை. இது ஓடுமா, ஓடினால் எவ்வளவு ஆழம் என்று தயாளனைத் துளைத்தேன். அவருக்குத் தெரியவில்லை. பசுவை அவிழ்க்க வந்த பெண்மணியைக் கைகாட்டிவிட்டார்.

அவர் பெயர் புஷ்பராணி. ஐம்பது வயது, கரையோரம் பத்துப் பரப்பு, நம் கணக்கில் அரை ஏக்கருக்கு மேல், வயல் அவருடையது. நான் ஆசிரியை என்று தயாளன் சொன்னதும் ரீச்சர் என்றே கூப்பிடத் தொடங்கினார்.

"கார்த்திகை மார்கழியில வந்து பாருங்கோ ரீச்சர். இடுப்பளவு நிக்கும். எங்கடை வயலும் ஆறும் ஒண்டாப் போயிடும். அந்தப் பக்கத்து ஆக்கள் இந்தப் பக்கம் வரேலாது."

கைதட்டிக் குதிக்காத குறை. மழைக்காலம், அக்கரை, கடக்க முடியாத தண்ணீர். எல்லாம் அத்தியாயத்தில் இருக்கிறது! நான் உடனே பையிலிருந்து அச்சுப்படியை எடுத்தேன். வாசிக்கிறேன் கேளுங்கள் என்றேன். புஷ்பராணி பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மதகுச் சுவரில் உட்கார்ந்தார். தயாளனும் வண்டியை விட்டு இறங்கி வந்தார். நான் என் தமிழில் சத்தமாக வாசித்தேன். மழை, இருட்டிய வானம், கதாநாயகி சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவது. "தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. ஒவ்வோர் அடிக்கும் காலடியில் மணல் நழுவியது."

"மணலோ?" என்றார் புஷ்பராணி.

நிறுத்தினேன்.

"இதுக்குள்ளை மணலே இல்லை ரீச்சர். குனிஞ்சு பாருங்கோ. வருசத்தில முக்கால்வாசி நாள் மாடு மேயிற இடம். தண்ணி வந்தாலும் அடியில உந்தப் புல்லுத்தான் கிடக்கும். காலை வைச்சா சுத்திப் பிடிக்கும்." அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். "உவ இஞ்ச வரேல்லை. ஆரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறா."

நானும் மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தேன். ஆற்றைக் கண்டுபிடித்த கையோடு அம்மையாரைத் தொலைத்துவிட்டேன். தயாளன் ஓடிப்போய் வண்டியிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன்.

புல், கால், சுற்றிப் பிடிக்கும். இந்த மூன்றையும் நான் எங்கோ வாசித்திருக்கிறேன்.

கைபேசியில் மூலநூலைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். அவசரத்தில் இரண்டு முறை வேறு பக்கத்துக்குப் போய்விட்டேன். அம்மையார் எழுதியிருந்தது இது: ஆற்றின் அடியில் புல் இருந்தது, அது ஒவ்வோர் அடிக்கும் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

மணல் என்னுடையது. எந்த ஆற்றுக்கு அடியில் புல் முளைக்கும், பாவம் இந்த வெள்ளைக்காரிக்கு ஆறு தெரியவில்லை என்று நினைத்து, நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மதிய வேளையில் நான்தான் திருத்தினேன். திருத்தியதை மறந்தும் போனேன். மூலத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல வெட்கத்தில் முகம் எரிந்தது.

புஷ்பராணி கயிற்றை இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்ப வந்தவதான்," என்றார். "கரையில நிண்டு பாத்தவைக்கு உது தெரியாது. இறங்கியிருக்கிறா."

"இறங்கியிருக்காங்க," என்றேன்.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், குற்றம் சொல்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "வேற என்னென்ன மாத்தினனீங்கள் ரீச்சர்?"

அச்சுப்படியை மடித்துப் பைக்குள் வைத்தேன். போட்டு வாறன் என்று அவர் பாணியிலேயே சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

சுன்னாகத்திலிருந்தே பதிப்பாளரை அழைத்தேன். ஆதாரம் கிடைத்துவிட்டது என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் மேடம்! அந்த ஒரு சொல்லை மாத்திட்டு அனுப்பிடலாம்." அனுப்ப வேண்டாம், நிறுத்துங்கள் என்றேன். எவ்வளவு நாள் என்றார். தெரியாது என்றேன். அவர் இரண்டு மூன்று தடவை மேடம், மேடம் என்றார். பிறகு வைத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மார்ச்சில் வெயில் சுள்ளென்று அடிக்கும். தொப்பியும் பருத்தித் துணியும் வேண்டும். பத்து மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருங்கள். சுன்னாகத்திலிருந்து ஆட்டோ எடுத்தால் கந்தரோடையை அரை நாளில் நிதானமாகப் பார்க்கலாம். வழுக்கியாறு ஓடுவதைப் பார்க்க ஆசையிருந்தால் நவம்பர் கடைசி, டிசம்பர். அப்போது மழையும் சேர்ந்து வரும், குறை சொல்லாதீர்கள். நான்கு நாளுக்கு விமானம் நீங்கலாக எனக்கு 43,000 ரூபாய் ஆனது. சாப்பாட்டில் நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்கு வந்து பத்து நாளாகிறது. இடது பக்கம் அம்மையார், வலது பக்கம் நான் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன். விருந்தாளிகள் மடித்த பனையோலையிலிருந்து கூழ் குடித்தார்கள் என்கிறார் அவர். நான் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். மழையே பெய்யாமல், கடல் பொங்கும் நேரத்தில், கடலோரக் கிணற்றில் தண்ணீர் ஏறியது என்கிறார். நான் முதல் நாள் மழை பெய்ய வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு பக்கத்துக்குள் இப்படிப் பதினான்கு இடம். இங்கிலாந்து விமர்சகர்கள் அவரை நம்பவில்லை என்று இருபது பக்கம் கோபப்பட்டு எழுதியவள் நான். ஆறு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து நானும் அவரை நம்பவில்லை. இன்னும் இருநூற்று எழுபது பக்கம் இருக்கிறது.