என் ஷிஃப்டைப் பார்க்க வந்தவர்

பச்சை அட்டை போட்ட அந்த லாக் புத்தகம் நான் வேலை செய்த ரப்பர் பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு கம்பியில் தொங்கும். எத்தனை உருப்படி இறங்கியது, எத்தனை கழிந்தது, மெஷினில் என்ன கோளாறு என்று ஷிஃப்ட் முடியும்போது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அதைச் சண்டை போடுவதற்குப் பயன்படுத்தினேன். 'மோல்டு சுத்தம் செய்யப்படவில்லை' என்று ஆரம்பித்த என் குறிப்புகள், சில மாதங்களில் 'இரண்டாம் ஷிஃப்ட் ஆளுக்குப் பொறுப்பு என்றால் என்னவென்று தெரியுமா?' என்ற அளவுக்கு வளர்ந்திருந்தன. அவர் ஒரு நாளும் பதில் எழுதவில்லை. எண்ணிக்கையும் கையெழுத்தும் மட்டும்தான் இருக்கும். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

இது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. திருவொற்றியூரில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. சூடான இரும்பு மோல்டுக்குள் ரப்பர் துண்டுகளை வைத்து, பிரஸ்ஸை மூடி அழுத்தி வேகவைப்போம். பாய்லரிலிருந்து வரும் ஸ்டீம்தான் சூடு. ஒரே பிரஸ்ஸில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான், இரண்டிலிருந்து பத்து வரை என் ரிலீவர். இரவில் பிரஸ் ஓடாது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் காத்திவாக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை, கான்ட்ராக்ட் ஆள். நான் ராயபுரம், பெர்மனென்ட். பகல் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முகம் பார்த்துக்கொள்வதோடு எங்கள் உறவு முடிந்தது. இப்போது மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் என் வாயில் வந்ததெல்லாம் 'அவன்'தான்.

தினமும் காலையில் வந்து பார்த்தால் மோல்டின் குழிகளில் ரப்பர் ஒட்டிக் கிடக்கும். சுரண்டி எடுப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மேனேஜருக்கே கடிதம் கொடுத்தேன். பத்து நாளில் அவருக்கு மெமோ வந்தது. அந்த மாதம்தான் பெர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது என்பதும், மெமோ வாங்கியவர் பெயர் அதில் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

மெமோ கைக்கு வந்த மறுநாள் கைகலப்பு நடக்கும் என்று செக்‌ஷனே எதிர்பார்த்தது. நானும் இரண்டு வாக்கியங்களை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் இரண்டு மணிக்கு வரவில்லை. ஒரு மணிக்கே வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, என் பிரஸ்ஸுக்கு நாலடி தள்ளி வந்து நின்றார்.

"இன்னா, சண்டைக்கு வந்தியா?" என்று கேட்டேன்.

"அத்த அப்பால பாத்துக்கலாம். உன் ஷிஃப்ட நான் பாத்ததே இல்ல மாமு. உனுக்கு ஒட்டாத ரப்பர் எனுக்கு மட்டும் ஏன் ஒட்டுதுன்னு பாக்கணும். நீ வேலையப் பாரு."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண் சிவந்திருந்தது, தாடை இறுகியிருந்தது, குரல் மட்டும் அவர் பிடியில் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒருவன் நம் வேலையை அவ்வளவு கவனமாகப் பார்க்கும்போது அவன் மேல் எரிந்து விழுவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் நாள் ஒன்றே முக்காலுக்கு நான் வேலையை முடித்துக் கை கழுவக் கிளம்பியபோது நிறுத்தினார். "ஒண்ணு கேக்கவா? நீ போம்போது பிரஸ்ஸ தெறந்து வுட்டுட்டு போற. நான் வர்றதுக்குள்ள மோல்டு ஆறிடுது. மறுபடி சூடேற அரை மணி நேரம் சும்மா நின்னுகினு கீறேன். மூடி வச்சுட்டுப் போனா உனுக்கு எதுனா கஷ்டம் கீதா?"

எந்தக் கஷ்டமும் இல்லை. திறந்து வைத்தால் வேலை சுத்தமாக முடிந்த மாதிரி தெரியும் என்பதைத் தவிர எனக்கு ஒரு காரணமும் இல்லை. 'நீதான் காரணம்' என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஆயிரம் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேள்வியாகக் கேட்டதால் திரும்பிப் போய்ப் பிரஸ்ஸை மூடினேன்.

"ஒரே ஒரு நாள் நீ அஞ்சு மணி வரிக்கும் இருந்து பாரேன்" என்றார். வேண்டாவெறுப்பாகத் தங்கினேன். நாலு மணிக்குப் பக்கத்து ஷெட்டில் ஒரு பெரிய கலனுக்கு ஸ்டீம் திறந்தார்கள். எங்கள் பிரஸ்ஸில் ஸ்டீம் அளவைக் காட்டும் முள் மெல்லச் சரிந்தது. மோல்டில் சூடு குறைந்தது. ரப்பர் அரைவேக்காடாகக் குழிகளில் பிடித்துக்கொண்டது. அவர் பித்தளைச் சுரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு ஈட்டை எடுத்துச் சுத்தம் செய்வதற்குள் அடுத்த ஈடு வைக்கும் நேரம் வந்துவிட்டது. அவர் முன்னங்கை முழுக்கச் சின்னச் சின்னத் தீத்தழும்புகள். அத்தனை நாள் மெஷினைக் கை மாற்றியும் நான் அந்தக் கைகளைப் பார்த்ததில்லை.

"இத்த ஏன் நீ புக்குல எழுதல?" என்றேன்.

"எழுதுனேன். மொத மாசமே எழுதுனேன். ஒருத்தனும் வந்து பாக்கல. நீயும்தான் படிக்கல."

புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். 'மாலை 4 மணி முதல் ஸ்டீம் குறைவு' என்று குண்டு குண்டான எழுத்தில் ஐந்தாறு இடங்களில் இருந்தது. அவற்றுக்கு நேர் கீழேயே என் கையெழுத்தும் இருந்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு இருவரும் சேர்ந்து என்ஜினீயரிடம் போனோம். தனித்தனியாகப் புகார் சொன்னபோது காதில் வாங்காதவர், சேர்ந்து நின்றதும் எழுந்து வந்தார். பக்கத்து ஷெட்டுக்குத் தனிக் குழாய் போட்டார்கள். மோல்டு ஒட்டுவது நின்றது. ஆனால் பட்டியல் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. விவரம் தெரியாமல் புகார் கொடுத்துவிட்டேன் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். ஃபைலில் ஏறிய மெமோ ஏறியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிடுவார், நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"உன் மேல கோவம் கீது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷம் ஆயிடும்னு வூட்ல சொல்லி வச்சிருந்தேன். இப்ப இன்னா சொல்றதுன்னு தெரியல. நீ மொதல்ல என்னாண்ட கேட்டிருந்தீன்னா இவ்ளோ தூரம் வந்திருக்காது." குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்தார். "ஆனா நாளிக்கு ரெண்டு மணிக்கு உன் கையிலர்ந்துதான மெஷின வாங்கணும்? பேசாம எப்படி வாங்குறது?"

மறுநாள் பேசினார். மெஷினைப் பற்றி மட்டும் பேசினார். சிரிப்பு வருவதற்கு நாலைந்து மாதம் ஆனது. அடுத்த வருடப் பட்டியலில் அவர் பெயர் வந்த அன்று எனக்கும் ஒரு டீ வாங்கித் தந்தார். கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கோபத்தில் எல்லாவற்றையும் உடைத்துப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கோபத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதை என்னிடம் மறைக்காமலும், வேலையையும் பேச்சையும் விடாமலும் இருந்த ஒரு மனிதரை அவருக்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இப்போது எண்ணூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார்.

அவரை இவ்வளவு மெச்சுகிற நான், சொந்த அண்ணனோடு பதினாலு மாதம் பேசாமல் இருந்தேன். ராயபுரத்தில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அண்ணன் மாடிக்கு இரும்புப் படி வைத்ததில் என் ஜன்னல் பாதி மறைந்துபோனது. அவரிடம் கேட்காமல் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் புகாராக எழுதினேன். அண்ணன் குழுவை விட்டு வெளியேறினார். அன்றிலிருந்து பேச்சில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். அண்ணன் தலை முழுக்க நரைத்திருந்தது.

"இன்னாடா?"

"படி விஷயத்துல எனுக்கு இன்னும் கோவம்தான் ணா. அத்தப் பேசணும். ஆனா மொதல்ல நீ எப்படி கீறன்னு பாக்க வந்தேன்."



"எனுக்கும் கோவம்தான்" என்றார் அண்ணன், கதவைப் பிடித்தபடியே. பிறகு உள்ளே போய், நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார்.