சட்டைக்கு எட்டுச் செலவு

கவசம் போட்ட ஆளைப் படமாகக் கீறச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் குதிரையில் இருக்கிற ராசாவைத்தான் கீறுவார்கள். மினுங்குகிற நெஞ்சுத் தகடு, கையில் வாள். "குதிரைக்குப் பின்னாலை நடந்து வந்தவன் என்ன போட்டிருந்தவன்?" என்று கேட்டால் வகுப்பே மேலே பார்க்கும். எனக்கு அதில் எப்போதும் ஒரு கோபம். நடந்து போய்ச் சாகிறவனுக்கு இரும்பு கொடுத்த அரசர்கள் குறைவு. அவனுக்கு எருமைத் தோல். அதுவும் இல்லாவிட்டால் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த தடித்த சட்டை. போர்த்துக்கேயப் பறங்கி எங்கள் கடலுக்கு வந்தபோது காலாட்களில் சிலருக்கு மார்பில் தகடு இருந்ததாம். வள்ளத்திலிருந்து சேற்றில் இறங்கியவர்கள் அந்தப் பாரத்தோடேயே அமிழ்ந்து போனார்கள் என்றும், ஊர்காவற்றுறைப் பக்கம் கடல் வற்றுகிற காலத்தில் சேற்றுக்குள் இரும்பு உரசுகிற சத்தம் கேட்கும் என்றும் எங்கள் சனம் சொல்லும். நான் சரித்திரம் படிப்பித்தவள். அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை.

பிறகு துவக்குக் குண்டின் பலம் கூடக் கூடத் தகட்டால் பயன் இல்லாமல் போயிற்று. கழற்றி எறிந்தார்கள். அதற்குப் பிறகு கனகாலம் காலாட்கள் வெறும் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாகத்தான் குண்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். எங்கள் காலத்தில் திரும்பவும் துணிக்கே வந்துவிட்டார்கள். நைலோனில் நெய்த துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்துவிட்டு, குண்டு துளைக்காத கவசம் என்று அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியான ஆமிச் சட்டை ஒன்று எங்கள் தீவின் சரவணைக் கரையில், எங்கள் வேலிக்குப் பின்னால் வந்து ஒதுங்கியது.

தொண்ணூறில் இலங்கை ஆமி தீவுக்குள் வந்தபோது ஊரில் பெரும்பகுதி சனம் கடல் கடந்து யாழ்ப்பாணப் பக்கம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் வளவில் அம்மாவும் நானும் அம்மாவின் தங்கை சின்னம்மாவும் மட்டும் மிஞ்சினோம். அம்மா போகமாட்டேன் என்று நின்றதற்கு ஒரே காரணம் என் அண்ணை. விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஆமிக்காரர் வேறு சில பெடியன்களோடு அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வருகிற பிள்ளை பூட்டின வீட்டையா பார்ப்பது என்பாள் அம்மா. ஒரு வருசம் கழிந்ததும் சின்னம்மா மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினா. கடமை செய்யாவிட்டால் உயிர் பசியோடு அலையும், எட்டையாவது செய்துவிடுவோம் என்று. அம்மா எழுந்து போய்விடுவாள்.

எட்டுச் செலவு என்றால், செத்தவருக்கு எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு இலையில் எடுத்துப் போய், வீட்டுக்கு வருகிற ஒழுங்கையின் முகப்பில் வைப்பது. வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

சட்டை ஒதுங்கிய அன்றைக்கே அதை ஒரு தடியால் கடலுக்குள் தள்ளிவிட்டோம். அடுத்த நாள் அதே இடத்தில் கிடந்தது. இன்னும் தூரம் கொண்டுபோய்த் தள்ளினேன். அப்போதும் திரும்பி வந்தது. கரையில் கிடந்தால் ரோந்து வருகிறவர்கள் காண்பார்கள். ஆளைக் கொன்றுவிட்டுச் சட்டையை எறிந்தீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும். வேறு வழியில்லாமல் இழுத்துக்கொண்டு வந்து பின் வளவில் போட்டோம்.

அது படுக்கவில்லை. தரையில் வைத்தால் முதுகை நிமிர்த்திக் குந்தியிருந்தது, தலையும் கையும் இல்லாத ஒரு ஆள் மாதிரி. எங்கள் நாய் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டது. கொடியில் தொங்கவிட்டோம். எரிக்கிற வெயிலில் கூட அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தடித்த துணி, உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறது, அதுதான் காரணம் என்று எனக்கு நானே படிப்பித்தேன். ஒருநாள் காலை, வெயில் ஏறுமுன், உட்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. இப்போதுதான் ஒருவன் கழற்றி வைத்துவிட்டுப் போனது போல. அதற்கு என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு குசினி அடுப்படிக்கு ஓடினேன்.

அன்றைக்கு அம்மா அதை நல்ல தண்ணீரில் அலசப் போனாள். கழுத்து மடிப்புக்குள் ஒரு வெள்ளை நூல் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. காலமாகிவிட்ட அப்பாவின் கடை தெற்கே ஒரு பட்டினத்தில் இருந்ததால் எண்பத்து மூன்று வரைக்கும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். கலவரத்தில் கடையை எரித்த பிறகுதான் தீவுக்கு வந்தது. அதனால் அம்மாவுக்கு அந்த நூல் தெரியும். பன்சலை என்கிற புத்த கோயிலில் பிரித் மந்திரம் ஓதி வாங்கி, பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்கக் கூடாதென்று சிங்களத் தாய்மார் கட்டுகிற நூல்.

அம்மா நூலைப் பிடித்தபடி அங்கேயே குந்திவிட்டாள். பிறகு சொன்னாள்: "இதுக்குள்ளை இருந்தவன் இன்னும் போகேல்லை. எட்டுச் செய்யவேணும்."

சின்னம்மா வெடித்துவிட்டா. "ஆமிக்காரனுக்கோ? உன்ரை பிள்ளையைக் கொண்டுபோனவங்களுக்கோ எட்டு? உனக்கென்ன விசரே அக்கா?"

"இவன்தான் கொண்டுபோனவனோ எண்டு எனக்குத் தெரியாது. இந்த நூலைக் கட்டினவள் ஒருத்தி எங்கையோ இருக்கிறாள். மோன் எங்கை கிடக்கிறான் எண்டு அவளுக்குத் தெரியாது."

"அப்ப உன்ரை மோனுக்கும் சேர்த்துச் செய்யன்."

"என்ரை மோன் இருக்கிறான்," என்றாள் அம்மா.

சட்டையைப் பனையடியில் கிடங்கு வெட்டித் தாட்டோம். அது கரைக்கு வந்த நாளிலிருந்து எட்டாம் நாள் அம்மா சமைத்தாள். முகம் தெரியாத பெடியன் என்ன விரும்பிச் சாப்பிட்டானோ, ஆருக்குத் தெரியும்? அம்மா வேறு விதமாகக் கணக்குப் பார்த்தாள். முருங்கைக்காய் இல்லை. நண்டு இல்லை. அண்ணைக்குப் பிடித்த ஒன்றும் அன்றைக்கு அடுப்பில் ஏறவில்லை. பாகற்காய், பூசணி, சுறாக் கருவாடு என்று அண்ணை கையாலும் தொடாததையெல்லாம் தேடித் தேடிச் சமைத்தாள். தவறிப்போய் ஒரு கறி அவருக்குப் பிடித்ததாக வந்துவிட்டால் அது அவருக்குச் செய்த எட்டாகிவிடும் என்று பயந்தாள். உப்புப் பார்க்கக் கூட என்னை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது.

ஆம்பிளைகள்தான் இலையைக் கொண்டுபோய் வைப்பது வழக்கம். எங்கள் வளவில் ஆம்பிளை ஏது? பொழுதுபடுகிற நேரம் அம்மாவே கொண்டுபோய் ஒழுங்கை முகப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாள்.

காலையில் நான் போய்ப் பார்த்தேன். இலையில் ஒரு பருக்கை இல்லை. நாய் தின்றிருக்கும், காகம் கொத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இலை ஒழுங்காக இரண்டாக மடித்திருந்தது. மடிப்பின் மேல் ஒரு கல் வைத்திருந்தது. நான் நடந்து வந்தேனா ஓடி வந்தேனா என்று நினைவில்லை. அம்மாவுக்குச் சொன்னபோது அவள் கும்பிட்டுவிட்டு, "அப்பாடா, சாப்பிட்டுட்டான்," என்றாள்.

வெயில் ஏறிய பிறகு படலை திறக்கிற சத்தம் கேட்டது. ஆமிச் சீருடையில் ஒருவன் தனியே நின்றான். மெலிந்த பெடியன், துவக்கு தோளில், மணிக்கட்டில் அதே வெள்ளை நூல். சிங்களத்தில் ஏதோ கேட்டான். கடை எரிந்த நாளிலிருந்து அம்மா அந்தப் பாஷையில் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள். சின்ன வயதில் கேட்ட பழக்கத்தால் எனக்கு விளங்கியது இவ்வளவு. அவர்கள் வந்த வள்ளம் கவிழ்ந்ததாம். சட்டை தண்ணீர் குடித்து அவனைக் கீழே இழுத்ததாம். கழற்றி விட்டதால்தான் தப்பினானாம். இப்போது சட்டை எங்கே என்று மேலதிகாரி துளைத்தெடுக்கிறானாம். கரையில் உள்ள வீடு வீடாகக் கேட்டு வருகிறான்.

குசினி வாசலில் நின்ற சின்னம்மா, சொல்லாதே என்று தலையை ஆட்டினா. அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே பனையடிக்குப் போனாள். பிணத்தைத் தாட்டது போலத் தாட்ட ஒன்றை, அதற்குரியவன் பக்கத்தில் நின்று பார்க்க, கிண்டி எடுத்தாள். அவன் முதலில் கழுத்து மடிப்புக்குள் விரலை விட்டு நூலைத் தேடினான். பிறகு மண்ணை உதறி, ஈரத்தோடேயே போட்டுக்கொண்டான். எங்கள் வளவில் தலையில்லாமல் குந்தியிருந்ததற்குத் தலை முளைத்தது. அது சிரித்தது.

அம்மா உள்ளே போய் அண்ணையின் படத்தைக் கொண்டுவந்து அவனுக்குக் காட்டினாள். அவன் கனநேரம் பார்த்துவிட்டு, இவரைத் தான் கண்டதில்லை, இங்கே வந்து கொஞ்சக் காலம்தான் என்றான். படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "நேற்று ஒழுங்கையில் வைத்த சாப்பாடு இவருக்கா? பசியில் நான் சாப்பிட்டுவிட்டேன் அம்மா. பாவமா?"

"இல்லை," என்றாள் அம்மா. "உமக்குத்தான் வைச்சது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பசித்தவனுக்கென்று ஒரு தாய் ஒளித்து வைத்த சோறு என்று நினைத்துக்கொண்டான் போல. துவக்கைப் பின்னால் தள்ளிவிட்டு, அவர்கள் முறைப்படி முழங்காலிட்டு அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அம்மா கால்களை இழுத்துக்கொண்டாள். பிறகு கையை அவன் தலையில் வைத்துத் தமிழில் சொன்னாள்: "கனகாலம் இரு மோனை. என்னை மன்னிச்சுக்கொள்."

அதன் பிறகு எட்டு என்ற கதையை எவரும் அம்மாவிடம் எடுக்க முடியவில்லை. "எட்டுச் செய்த பிள்ளையே படலையைத் திறந்துகொண்டு வந்தவன். என்ரை கண்ணாலை கண்டனான்," என்பாள். சாகும்வரை அண்ணைக்கு அதைச் செய்யவில்லை. அண்ணையும் வரவில்லை.

போன மாதம் அம்மாவின் எட்டுக்குச் சமைத்தோம். கூனிப்போன சின்னம்மா இரண்டாவது இலை ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினா. "இனி நீதான் பிள்ளை சொல்லவேணும்," என்றா. முருங்கைக்காய்க் கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும். இலையை வாங்கினேன். போட்டால் அண்ணையைக் கொன்றது நான். போடாமல் விட்டு, அவர் உண்மையாகவே எங்கேயாவது பசியோடு நின்றால்? கறி அடிப்பிடித்து மணக்கிறவரைக்கும் நான் அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.