ஆளில்லாத படங்கள்

மட்டக்களப்புக்கு அன்றுதான் முதல்முறை போயிருந்தேன். ஒல்லாந்தர் கோட்டை வாசலில் படமெடுக்கும்போதே அந்த அம்மாவைக் கவனித்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் நின்றார். காந்தி பூங்காவிலும் நின்றார். நான் நடந்தால் நடந்தார், நின்றால் நின்றார். பழைய கட்டடங்களை எடுக்கும்போது குறுக்கே ஆள் விழுந்தால் எனக்கு எரிச்சல் வரும். சனம் விலகும்வரை காத்திருந்துதான் எடுப்பேன். அப்படிக் காத்திருந்த நேரமெல்லாம் அவர் பார்வை என் முதுகிலேயே கிடந்தது.

கல்லடிப் பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்து, வாவி கறுத்துக்கொண்டிருந்தது. பின்னால் அதே செருப்புச் சத்தம். கைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கத்தியேவிட்டேன்.

"கோவிக்காதீங்க மகள். நீங்க எடுத்த படங்கள ஒருக்காக் காட்டுறீங்களா? என்ட மகன விசாரிக்கணும் எண்டு கூட்டிட்டுப் போனாங்க. கனகாலமாச்சு, இன்னும் விடல்ல. ஆராவது எடுக்கிற படத்தில ஒரு ஓரத்திலயாவது நிக்கிறானோ எண்டு பாக்கிறன்."

காட்டினேன். கோட்டை, கோபுரம், பூங்கா என்று ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஒருத்தருமே இல்லையே மகள்," என்றார்.

இப்போதெல்லாம் எங்கே படமெடுத்தாலும், யாராவது வரும்வரை காத்திருக்கிறேன்.