அலரி தின்ற மணியன்

போர்க்காலம். பனிச்சங்கேணியில் எங்கள் வீட்டில், அம்மன் பூசைக்கு வளர்த்த அலரிச் செடியை வெட்டிய நான், நஞ்சுள்ள அதன் கொப்புகளை முற்றத்திலேயே விட்டுவிட்டேன். எங்கள் நாய் மணியன் அவற்றைத் தின்று, வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டது.

"புளி கரைச்சுப் பருக்குவமா, மனே?" என்றார் அம்மா.

சோர்ந்து கிடந்த நாய்க்கு எதையும் பருக்க எனக்குப் பயமாக இருந்தது. கடித்த கொப்பொன்றைப் பையில் போட்டு, மணியனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஓட்டமாவடிக்குப் போன லொறியொன்று நின்றது.

"பின்னால குலுங்கும் தம்பி, நாயோட முன்னுக்கு ஏறுங்க. சோதனைச்சாவடிய மூட முந்திப் போயிருவம்" என்றார் சாரதி, ஒரு முஸ்லிம் நானா.

ஓட்டமாவடியில் மிருக வைத்தியர் கொப்பைப் பார்த்ததுமே மருந்து ஏற்றினார். அம்மா கேட்டதையும் அவரிடம் சொன்னேன். "புளி பருக்காதது நல்லம். மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கும்" என்றார். மணியன் பிழைத்தது.

இப்போது வெட்டிய கொப்புகளை உடனே புதைத்துவிடுகிறேன். நானாவின் லொறி வந்தால் நன்றியோடு கையசைக்கிறேன். மணியன் மட்டும் தன்னைக் காப்பாற்றிய அந்த லொறியைப் பார்த்து இன்னும் குரைக்கிறது.