பம்பாயில் ஒரு பஷீர்

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பஷீர் அஹமது, கல்யாணமான மூன்றாம் வருஷம், 1975-இல், துபாய்க்கென்று கிளம்பினான். விசா தாமதமாகும் என்று சொல்லி பம்பாய் ஏஜெண்டு அவனையும் இன்னும் பலரையும் ஒரு நாட்டுப்படகில் ஏற்றிவிட்டான். கரை கண்ணுக்கு மறைவதற்குள் படகு கவிழ்ந்தது.

அவன் மனைவி சைபுன்னிசா உப்பு மண்டிக்குக் கோணி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் ஹபீப் முஹம்மது வாசலில் வந்து நின்ற விதத்திலேயே ஊசி கையில் நின்றுவிட்டது. ஹபீப், பம்பாயில் இருக்கும் சிநேகிதனுக்கு டிரங்க்கால் போட்டிருந்தான். கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்களை, யார் உயிரோடு யார் இல்லை என்ற விவரத்தோடு, அவன் இங்கிலீஷில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, இவன் தாளில் குறித்துக்கொண்டான். அண்ணனும் தங்கையும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போஸ்ட் மாஸ்டர் தெய்வசிகாமணியிடம் போனார்கள்.

தெய்வசிகாமணி, பஷீரின் பாஸ்போர்ட் எண்ணுக்காக வீட்டில் வைத்திருந்த நகலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நம் ஊர் வாயில் விழுந்தபடி அதில் இங்கிலீஷில் PASEER, ‘பசீர்’ என்று எழுதியிருந்தது.

“எழுத்துக்கு எழுத்து பாக்கணும் பாய்” என்றார். “இது ஆறு எழுத்து. இதோ, ‘நசீர்’னு ஒரு பேரு, NASEER, அதுவும் ஆறு. முதல் எழுத்துதான் வேற, மத்த அஞ்சும் அப்படியே இருக்குது. போன்ல சொல்றப்ப ஒரு எழுத்து மாறிப்போறது சகஜம்.”

“நசீருக்கு நேரா என்ன எழுதியிருக்குது?” என்று சைபுன்னிசா கேட்டாள்.

அவர் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டார். நசீரை ஏற்கெனவே அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஹபீப் ஒத்துக்கொள்ளவில்லை. “பேரு காதால கேக்கறதுக்குத்தானே சார்? இதோ ‘பஷீர்’னே ஒருத்தர் இருக்கார். ஆஸ்பத்திரியில, உசுரோட.”

“அது BASHIR. மூணு எழுத்து இடிக்குது.”

“இடிக்கட்டும். வாய்விட்டுப் படிங்க. பசீர், பஷீர். எங்க ஆளுங்களக் கேளுங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க.”

“அந்தப் பேரு ஊருக்கு நாலு பேருக்கு இருக்குமே பாய்” என்றார் தெய்வசிகாமணி தாழ்ந்த குரலில்.

சைபுன்னிசா இருவர் முகத்தையும் பார்த்தாள். எழுத்தின்படி பார்த்தால் அவன் மண்ணுக்குள் இருந்தான். காதின்படி கேட்டால் கட்டிலில் படுத்திருந்தான். எது சரியான வழி என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த வழி வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

“பம்பாய்க்குப் போவோம்ண்ணே” என்றாள்.

திண்டிவனத்தில் ரயிலேறி, சென்னையில் மாறி, பம்பாய் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் நீளமான வார்டு. கோடிக் கட்டிலில் ஒருவன் தலையிலும் கண்ணிலும் கட்டுப் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தோள் அகலம் சைபுன்னிசாவின் புருஷனுடையது போலவே இருந்தது. கூப்பிட்டுப் பார்க்கும்படி நர்ஸ் சைகை காட்டினாள். புருஷன் பெயரை சைபுன்னிசா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ‘ஏங்க’தான். ஹபீப் வாயெடுப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“பஷீர் அஹமது.”

அவன் சட்டென்று திரும்பினான். “அம்மீ?” என்றான்.

வேறு முகம், வேறு குரல். ஹபீப் உருதுவில் விசாரித்தான். கொங்கணப் பக்கத்துக் கிராமமாம். தாய் வருவாள் என்று காத்திருக்கிறானாம். வந்தது தாய் இல்லை என்று தெரிந்ததும் அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சைபுன்னிசா அவன் தலைமாட்டிலிருந்த கூஜாவில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்து நசீரை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குப் போனார்கள். நசீருடைய சட்டை, செருப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை. வாணியம்பாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்து, எங்கள் நஜீர்தான் இது என்று பாத்திஹா ஓதி, இருந்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டதாம்.

ஊர் திரும்பியதும் ஹபீப் வாணியம்பாடிக்குப் போனான். நஜீரின் தகப்பனார் அவனை உட்காரவைத்து டீ கொடுத்தார். உடம்பை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, இல்லை, பெயரைத்தான் கேட்டோம் என்றார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க புள்ளைக்கு அந்த ஒரு எடமாவது இருக்கட்டும் தம்பி. அதையும் கேட்டு வராதீங்க.”

ஹபீப் இதைச் சொன்னபோது சைபுன்னிசா, “இனிமே போவாதண்ணே” என்றாள்.

புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை அவள் இருக்க வேண்டுமா என்று பள்ளிவாசலில் கேட்டனுப்பினார்கள். ஆள் போனது நிச்சயமில்லாமல் என்ன சொல்வது என்று ஹஜ்ரத் பொறுத்திருக்கச் சொன்னார். பொறுத்திருந்தாள். வருஷம் போனது. மறுபடி கேட்டனுப்பலாமா என்று ஹபீப் இரண்டு தரம் கேட்டான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். சைக்கிள் கடையை இன்னொருவன் எடுத்துக்கொண்டான். மழைக்காலம் முடிந்து உப்பளம் காய்ந்து மண்டி திறக்கும்போதெல்லாம் அவள் வீட்டுக்குக் கோணிக்கட்டு வந்து இறங்கியது. ‘உசுரோட’ என்று அன்று சொல்லிவிட்ட அண்ணன், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், வேண்டிய சாமானை வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுக்காமலே போகத் தொடங்கினான்.