சாமிக்குத் தெரிந்தால் போதாது

என் தம்பி அருள்செல்வன் அவிநாசிக்கு வெளியே ஒரு நிட்டிங் கம்பெனியில் பிட்டராக இருக்கிறான். நூல் மேலேயிருந்து இறங்கி, வட்டமாகச் சுற்றும் இயந்திரத்துக்குள் புகுந்து, கீழே துணியாகச் சுருண்டு விழும் இடம் அது. இயந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அவர்கள் துணி எங்களுக்கும் வரும். அதில் கோடு கண்டுபிடிப்பது அபூர்வம். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. என் மேசைக்கு வருகிற துணியைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இத்தனை நல்ல வேலைக்காரன் மத்தியானம் ஆனால் துணி ரோல்களுக்கு நடுவில் படுத்துத் தூங்கிவிடுவான். சோம்பலில் வரும் தூக்கம் அல்ல, ஆளைத் தள்ளிவிடும் தூக்கம். கூட வேலை செய்கிறவர்கள் மிஸ்டர் அவிநாசி தவம் பண்ணுகிறார் என்று கேலி பேசுவார்கள். எழுந்ததும் அவனும் சேர்ந்து சிரிப்பான். வேலை முடிந்து கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட் வரை வந்து, அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பான். மறுபடியும் கேட் வரை வந்து மறுபடியும் போவான். அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். அவன் முகம் சிரிக்கும்படி இருக்காது.

மிஸ்டர் அவிநாசி என்ற பேருக்கு ஒரு காரணம் உண்டு. அப்பா இல்லாத வீட்டில் ஈர்க்குச்சி போல வளர்ந்தவன், பத்தொன்பது வயதில் ஜிம்முக்குப் போகத் தொடங்கினான். அங்கே குணா என்று ஒரு பயிற்சியாளர். முட்டையும் கோழியும் தின்றால் உடம்பு ஏற வருஷக்கணக்காகும் என்று சொல்லி முதலில் மாத்திரை கொடுத்தார், பிறகு ஊசி. வீட்டில் அதைச் சத்து மருந்து என்றுதான் அவன் சொன்னான். ஒரு தீபாவளிக்கு மீடியம் சட்டை எடுத்தவனுக்கு அடுத்த தீபாவளிக்கு டபுள் எக்ஸ்எல் தேவைப்பட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆணழகன் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினான். மேடையில் அவன் போட்டிருந்த சின்ன ஜட்டியை லைக்ரா துணியில் நான்தான் தைத்துக் கொடுத்தேன். எலாஸ்டிக் ஓரம் சரியாக உட்காரவில்லை என்று இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

ஜிம்முக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு பையனுக்கு ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இவன் பயந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினான். அப்போது வயது இருபத்திரண்டு. உடம்பு வற்றும் என்று அவனுக்குத் தெரியும், வற்றியது. தெரியாதது ஒன்று அதற்குப் பிறகு வந்தது. காலையில் கண் விழிக்கும்போதே ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவன் போல இருப்பான். பாலத்தின் மேல் வண்டி ஓட்டும்போது காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். வண்டியை விற்றுவிட்டுப் பஸ்ஸில் போக ஆரம்பித்தான். பஸ்ஸிலும் கூட்டம் அதிகமானால் பாதி வழியில் இறங்கி நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவான்.

பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவர் குளுக்கோஸ் ஏற்றினார், ஒருவர் இசிஜி எடுத்துவிட்டு வாய்வு என்றார். எங்கள் அம்மா மயிலாத்தாள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று கையில் கயிறு கட்டிவிட்டார். வருஷங்கள் இப்படியே போயின. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பெண் டாக்டர்தான், சின்ன வயதில் ஊசி, மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, தயங்கவும் இல்லை. போட்டது அத்தனையும் பெயர் பெயராகச் சொன்னான். எனக்குத் தெரியாததெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவ்வளவு தெளிவாகச் சொல்கிறானே என்றுதான் தோன்றியது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். ஆண் உடம்புக்கு வேண்டிய சுரப்பு வெளியிலிருந்து ஏராளமாக வந்துகொண்டே இருந்தால், உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். மருந்தை விட்டதும் பலருக்கு அது சில மாதங்களில் திரும்பிவிடும், சிலருக்கு வருஷக்கணக்கில் திரும்பாது. இவனுக்குத் திரும்பவில்லை. அசதி அதனால்தான் வருகிறது. பயத்துக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் முழுக்க அதனால் என்று சொல்ல முடியாது, அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும் என்றார். தெம்பு சீக்கிரம் வேண்டுமென்றால் அதே சுரப்பை அளவோடு ஊசியாகப் போடலாம், ஆனால் அதைப் போடுகிறவரை குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறையும். உடம்பைத் தானாகச் சுரக்க வைக்க மாத்திரை இருக்கிறது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும், செய்யாமலும் போகலாம். தம்பி மாத்திரை போதும் என்றான்.

அந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோதுதான் குன்னத்தூர்ப் பக்கமிருந்து தேஜஸ்ரீயின் சம்பந்தம் வந்தது. தம்பிக்கு முப்பது வயது. எங்கள் பக்கம் இந்த வயதில் பெண் கிடைக்காமல் நிற்கிற பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தேஜஸ்ரீ திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அப்பா அர்த்தநாரிக்குத் தோட்டம் உண்டு, தோட்டத்து ஓரத்தில் ஷெட் போட்டுக் கொஞ்சம் தையல் மெஷினும் ஓட்டுகிறார். தரகரிடம் அம்மா கொடுத்தது ஆணழகன் போட்டிக் காலத்துப் போட்டோ. பையன் நல்ல தாட்டிகமாக இருக்கிறான் என்று அர்த்தநாரிக்குப் பிடித்துவிட்டது. நேரில் வந்தபோது கொஞ்சம் இளைத்திருக்கிறாரே என்று மட்டும் கேட்டார். வேலை அதிகம் என்று அம்மா சொல்லிவிட்டார். தம்பிக்கும் தேஜஸ்ரீயைப் பிடித்துப்போனது. அவள் பேசியதை என்னிடம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அப்படிப் பேசிக் கேட்டு எனக்கு வெகு காலம் ஆகியிருந்தது.

நிச்சயத்துக்கு முன்னால் எங்கள் வழக்கப்படி கோயிலில் பூ கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்பு அரளியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைத்து, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்தது. அம்மா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தம்பி, குன்னத்தூருக்குப் போய் ஊசி விஷயத்தையும் வைத்தியத்தையும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“சாமியே சரின்னு பூ குடுத்துருச்சு. அதுக்கு மேல நீ என்னத்தச் சொல்லப் போற?”

“அந்த எடம் பொருந்துமான்னுதானம்மா பூ கேட்டோம். ஊசி போட்டத மறைக்கலாமான்னு கேக்கலையே.”

“சாமிக்குத் தெரியாதாடா?”

“சாமிக்குத் தெரியும். பொண்ணோட அய்யனுக்குத் தெரியாதே.”

அம்மாவின் பயம் எனக்கும் இருந்தது. சொன்னால் அந்த இடம் போய்விடும். இன்னொரு இடம் வருவதற்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிடும். போதாக்குறைக்கு அந்த வாரம் குணா போன் பண்ணியிருந்தார். கல்யாணம் என்று கேள்விப்பட்டேன், ஒரே ஒரு கோர்ஸ் ஊசி போட்டுக்கொள், மண்டபத்தில் சிங்கம் மாதிரி நிற்பாய் என்றிருக்கிறார். தம்பி ஜிம் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். அதையும் அவனேதான் என்னிடம் சொன்னான். அதைக் கேட்ட பிறகு அவனைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனோடு நானும் பஸ் ஏறினேன்.

அர்த்தநாரி தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொண்டுவரச் சொன்னார். கொண்டு வந்த தேஜஸ்ரீ போகாமல் கதவோரம் நின்றாள். தம்பி டம்ளரை வாங்கிக்கொண்டான். அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான்.

“மாமா, போட்டோவுல நீங்க பாத்தது என்னோட சொந்த ஒடம்பு இல்லீங்க. ஊசி போட்டு வந்ததுங்க. அது போயி எட்டு வருசமாச்சு. போனது ஒடம்பு மட்டுமில்லீங்க.”

பிறகு அசதியைச் சொன்னான், பயத்தைச் சொன்னான், வண்டியை விற்றதைச் சொன்னான். சாப்பிடுகிற மாத்திரையைச் சொன்னான். குழந்தை விஷயத்தில் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதைச் சொல்லும்போதும் அவன் குரல் இறங்கவில்லை. அர்த்தநாரி கழுவிய குழாயையே துடைத்துக்கொண்டிருந்தார். குடிப்பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றான்.

“ஏங்கண்ணு, யாருமே கேக்காததையெல்லாம் நீயா வந்து சொன்னா நான் என்ன பண்றது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தொல்லை கொடுத்துவிட்டாயே என்பது போலச் சொன்னார்.

கதவோரத்திலிருந்து தேஜஸ்ரீ கேட்டாள். “இப்பவும் ஊசி போடறீங்களா?”

“இல்லீங்க.”

“இனிமேல் போடுவீங்களா?”

இந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. “போடோணும்னு தோணுதுங்க. போன வாரங்கூடத் தோணுச்சு. தோணும்போது சொல்லிருவனுங்க.”

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். ஐப்பசி பிறந்தும் பதில் வரவில்லை. அம்மா எங்கள் இருவரோடும் பேசவில்லை, சோற்றுத் தட்டை வைக்கும் சத்தம்தான் பேசியது. தம்பி வழக்கம்போல வேலைக்குப் போனான். ஆனால் சுவிட்சைப் பார்க்கத் திரும்பிப் போவது அதிகமாகியிருந்ததென்று அவனுடைய சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். வருத்தம்தான் என்றான். சொன்னதற்காக இல்லை என்றான்.

பிறகு ஒருநாள் தேஜஸ்ரீ எனக்குப் போன் செய்தாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திணறினாள். அண்ணி என்று கூப்பிடலாமா தெரியவில்லை, அதற்காகப் பேர் சொல்லியும் கூப்பிட முடியவில்லை என்று சிரித்தாள். அடுத்து டாக்டரிடம் போகும்போது தானும் வரலாமா என்று கேட்டாள்.

கோயம்புத்தூரில் அவள் டாக்டரிடம் நேராகவே பேசினாள். இவருக்குச் சரியாகுமா என்று கேட்டாள். ரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்னும் ஏறலாம், பயத்துக்கு மாத்திரையோடு மனநல ஆலோசனையும் தொடர வேண்டும், குழந்தைக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். தம்பி தலையை ஆட்டிச் சம்மதம் சொன்ன பிறகுதான் இதையெல்லாம் சொன்னார். தேஜஸ்ரீ அரசாங்க ஆபீசில் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி எங்களுக்கு முன் இருக்கையில் இருந்தான். அவனுக்குக் கேட்கும்படிதான் பேசினாள்.

“இதுக்கு முன்னால ரெண்டு எடம் வந்துச்சுங்க அண்ணி. ரெண்டு பேரும் எல்லாமே நல்லாருக்குதுன்னாங்க. எது நல்லால்லைன்னு சொன்னது இவரொருத்தருதான். எங்கய்யன்கிட்ட நான் பேசிக்கறனுங்க.”

பஸ்ஸில் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் தம்பி அவிநாசி வரும் வரை பாதி வழியில் இறங்கவில்லை.

அர்த்தநாரியிடம் அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. தை மாதத்தில் நாள் குறித்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான், வரவேற்பில் உட்கார்ந்துகொள்வோம் என்று. வரவேற்பு மேடையில் எப்போதும் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வருகிறவர்களை வணங்கி வணங்கி மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் வந்தால் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்கள். கீழே முணுமுணுப்பு எழுந்தது. அம்மா சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தேஜஸ்ரீயின் பெரியப்பா ஒருவர் மேடை ஏறினார். மொய் உறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “ஏனுங் மாப்பிள்ளை, பெரியவங்க வந்தா எந்திரிக்கோணும்னு ஜிம்முல சொல்லித் தர்லீங்களா?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியின் முகம் வேர்த்துவிட்டது. எழுந்திருக்கப் போனான்.

தேஜஸ்ரீ அவன் முழங்கை மேல் கை வைத்தாள். “அவருக்கு ரொம்ப நேரம் நின்னா முடியாதுங்க பெரிப்பா. வைத்தியம் நடக்குது. நீங்க இப்பிடி உக்காருங்க, போட்டோ எடுத்துக்கலாம்.” சொல்லிவிட்டுப் பட்டுச் சேலையை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

பெரியப்பா உறையைக் கொடுத்தார். அவருக்கும் முட்டி வலி உண்டென்று பிறகு கேள்விப்பட்டேன். உட்கார்ந்தார். போட்டோக்காரர் கேமராவை இறக்கிப் பிடித்தார். அடுத்து வந்த குடும்பம் அதைப் பார்த்துவிட்டு எங்கே உட்காருவது என்று கேட்டது. அர்த்தநாரி தானே போய்ப் பந்தியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து இரண்டு பக்கமும் போட்டார். அதற்குப் பிறகு மேடைக்கு வந்த ஒருவரும் நிற்கவில்லை.

கடைசியாக அம்மாவைக் கூட்டி வந்தேன். தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். குன்னத்தூர் போய் வந்ததிலிருந்து அவனோடு சரியாகப் பேசாதவர், “தண்ணி குடிச்சியாடா?” என்றார். இல்லை என்று அவன் சொன்னான். என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் எடுத்துவரப் போனேன்.