அவள் கேட்காத எடை

தன் உடம்பு சொல்வதையே நம்பாத ஒருத்தி, வேறு யார் சொல்வதை நம்புவாள்?

இந்தக் கேள்வி முதலில் தோன்றியது அவளைக் கட்டியவருக்கு. சந்தேகப்படுவதுதான் அவருடைய பிழைப்பு. கடைகளின் தராசுகளைச் சோதித்து, பழுது பார்த்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்திவிட்டு வருகிற வேலை. கடைவீதியில் அவரை முத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். மரப்பெட்டிக்குள் குழி குழியாக உட்கார்ந்திருக்கும் எடைக்கற்களை உறை மாட்டிய கையால் மட்டுமே எடுப்பார். வெறும் விரல் பட்டால் வியர்வை ஒட்டும், வியர்வை ஒட்டிய கல் பொய் பேசும் என்பார். வீட்டிலும் அதே கதைதான். பால் பாக்கெட்டை உள்ளங்கையில் ஒரு குலுக்கு குலுக்கிப் பார்க்காமல் அடுக்களைக்குள் விடமாட்டார். "எனக்கு மாப்பிள்ளை பாத்தா, அப்பா முதல்ல அவரைத் தராசுல ஏத்திருவாரு" என்று மகள் கேலி செய்வாள். அவர் சிரிக்கமாட்டார். அதில் என்ன தப்பு என்று யோசிப்பவர்போல இருப்பார்.

அவர் மனைவி சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். கட்டிங் அக்கா என்று பெயர். நீள மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, வரைந்த கோடு பிசகாமல் மின்கத்தியை ஓட்டவேண்டும். கை ஒரு நூல் விலகினால் அடுக்கில் இருக்கிற அத்தனை சட்டைக்கும் தோள் கோணும். இரைச்சலுக்காகக் காதில் ஆரஞ்சு நிறப் பஞ்சடைப்பான் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை நின்றபடியே வேலை. நின்று நின்று இடுப்பு போயிற்று. முதுகுத் தசைக்கு வலு ஏற்றாவிட்டால் மாத்திரையோடுதான் காலம் தள்ளவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்தெருவில், பழைய டயர் கிடங்கில், எடை தூக்கும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தாள். ஏதோ கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டு வருவாள் என்று முத்திரை நினைத்தார்.

கூடத்தை நடத்தியவனுக்கு அவளைவிட வயது குறைவு. எப்போதும் கையில் வெள்ளைப் பொடி அப்பியிருப்பதால் சுண்ணாம்பு என்று பெயர். மற்ற இடங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கனமாகத் தூக்குவார்கள், மற்ற நாள் ஓய்வு. இவன் கூடத்தில் வாரம் முழுக்கக் கனம்தான். ஞாயிறு மட்டும் பூட்டு. அன்றன்றைக்கு எவ்வளவு முடியுமோ அதன் எல்லைவரை போய்த் தொட்டுவிட்டு வரவேண்டும். நேற்றைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை, தொடாமல் திரும்பக்கூடாது.

இதற்கு உடம்பு மட்டும் போதாது, ஒரு மாதிரியான மனசும் வேண்டும். அதை அவன் முதல் வாரமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். "காலையில எழுந்ததும் முடியுமான்னு உடம்பைக் கேக்காதீங்கக்கா. அது சோம்பேறி, பொய் சொல்லும். இங்க வந்து சூடு பண்ணிட்டு, கம்பியைக் கேளுங்க."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கால் வலிக்கிறது, தூக்கம் போதவில்லை, மழை என்று மனம் கொண்டுவருகிற ஒவ்வொரு சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்து திருப்பி அனுப்பினாள். இதைப் பெரிய தவம் என்று சொல்லத் தோன்றவில்லை. பாதி பிடிவாதம். இதே வழியில் போய், உண்மையான வலிக்கும் பொய்யான வலிக்கும் வித்தியாசம் தெரியாமல் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வெளியேறியவர்களும் அந்தக் கூடத்தில் உண்டு. அவள் விஷயத்தில் இடுப்பு வலி போனது, நடை மாறியது, அவ்வளவு சொல்லலாம். வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டரை இறக்கிவைத்த ஆளிடம், "வைங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனாள். முத்திரை அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

சந்தேகம் என்றதும் எல்லாரும் நினைக்கிற அந்தச் சந்தேகமும் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தது. மறைப்பானேன். ஆனால் தங்கவில்லை. பொடி அப்பிய கையும் வெடித்த உள்ளங்கையுமாக வருகிறவளைப் பார்த்து அந்த மாதிரி கற்பனை செய்ய அவராலேயே முடியவில்லை. அவரைப் பிடித்து உலுக்கியது வேறொன்று.

கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பியில் தட்டுகளை மாட்டுவதும் கழற்றுவதும் சுண்ணாம்பு மட்டுமே. மாட்டும்போது தூக்குகிறவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும். எவ்வளவு என்று கேட்கக்கூடாது. தூக்கிய பிறகு அவனே சொல்வான். தட்டுகள் பல இடத்தில் பழைய விலைக்கு எடுத்தவை. தடியாக இருப்பது லேசாக இருக்கும், மெலிசாக இருப்பது கனமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு பெயிண்ட் அடித்து எண்களை மூடிவிட்டிருந்தான். எண்ணைப் பார்த்தால் கம்பியைத் தொடுமுன்பே பாதிப் பேர் தோற்றுவிடுகிறார்கள் என்பது அவன் கணக்கு.

இதை அவள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். முத்திரை கவளத்தைக் கீழே வைத்தார்.

"எடை சொல்லாம எடை போடுற கடையை நான் பாத்ததே இல்ல," என்றார்.

"அது கடை இல்லைங்க."

"அதான் இன்னும் மோசம்."

அவருடைய தர்க்கம் நேரானது. எண்ணை மூடுகிறவன் எதற்கு மூடுவான்? குறைவாக வைத்துக் கூடுதலாகச் சொல்ல. அவர் பார்த்த அத்தனை திருட்டுத் தராசும் அந்தப் பக்கம்தான் சாயும். அவளைச் சந்தோஷப்படுத்தி, கூடத்தை விட்டுப் போகாமல் பிடித்துவைக்க ஏதோ ஒரு எண்ணைச் சொல்கிறான். சரி, ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் நகரத்தில் ஒரு போட்டி வரப்போகிறது, அதில் நூறு கிலோவைத் தரையிலிருந்து எடுக்கப்போகிறேன் என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். கூடத்தில் தொண்ணூற்றிரண்டு வரை வந்துவிட்டதாம். அந்தத் தொண்ணூற்றிரண்டு உண்மையில் எழுபத்தைந்தாக இருந்தால்? போட்டியில் வைக்கிற தட்டு பொய் சொல்லாது. நாலு பேர் முன்னால் அவள் முதுகு மறுபடி ஒடியும்.

அவளிடம் சொன்னால் சண்டை. ஆகவே அவருக்குத் தெரிந்த வழியில் போனார். கூடத்து மூலையில் ஆள் எடை பார்க்கும் மேடைத் தராசு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சும்மா சரிசெய்து தருகிறேன் என்று மதிய வேளையில் பெட்டியோடு போய் நின்றார். சுண்ணாம்புக்கு ஒரே மகிழ்ச்சி. "வாங்க மாமா, சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த 'மாமா'வையும் அவர் ஒருமுறை மனதுக்குள் தட்டிப் பார்த்தார்.

முதலில் மேடைத் தராசைத் தன் கற்களை வைத்து நேர் செய்தார். பிறகு கம்பியையும், சுவரோரம் சாய்ந்திருந்த கறுப்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகவும் ஏற்றினார். ஒன்றின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தது, ஒன்றில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது, ஒன்றின் துளையைச் சுற்றித் துரு. ஆயிரம் தராசுகளின் கோளாறைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிற ஆளுக்கு இதெல்லாம் முகம்மாதிரி. எந்த முகத்துக்கு என்ன எடை என்று மனப்பாடம் செய்துகொண்டார். தட்டுகளில் ஒரு குறையும் இல்லை. பெயிண்டுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்பட்ட எண்ணைத்தான் தராசும் காட்டியது, இருபது இருபதாக இருந்தது, பதினைந்து பதினைந்தாக இருந்தது. ஒரு யோக்கியமான தட்டுக் கூட்டத்தைப் பார்த்து மனுஷன் இவ்வளவு ஏமாற்றம் அடைந்ததில்லை.

ஆனாலும் விடவில்லை. ஆள் நின்று பார்த்தால்தான் தராசு சரியா என்று தெரியும் என்று சொல்லி மறுநாள் காலையும் போனார். மனைவி புருவத்தை உயர்த்தினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுண்ணாம்பு தட்டுகளை மாட்டினான். சில்லு பெயர்ந்தது இந்தப் பக்கம், கொப்பளம் அந்தப் பக்கம், துருத்துளை, அதன் ஜோடி. முத்திரை குனிந்து திருகாணியைத் திருகுவதுபோல் கூட்டிக்கொண்டே வந்தார். அவள் திரும்பினாள், கம்பிமுன் நின்றாள், மூச்சை இழுத்து வயிற்றில் இறுக்கினாள். கம்பி முழங்காலைத் தாண்ட யோசித்தது. பிறகு தாண்டியது.

"தொண்ணூத்திரண்டுக்கா. அதே இடம்தான். நாளைக்குப் பாக்கலாம்," என்றான் சுண்ணாம்பு.

முத்திரையின் கையில் திருப்புளி அப்படியே நின்றது. அவர் கூட்டியது நூற்றுநாலு.

இந்தப் பக்கம் சாய்கிற பொய்யை அவர் தொழிலில் பார்த்ததே இல்லை. கூடுதலாகக் கொடுத்துவிட்டுக் குறைத்துச் சொல்கிற வியாபாரி எவன்? தட்டுகளைத் துருவித் துருவிச் சோதித்தவர், வாயைச் சோதிக்க மறந்திருந்தார். அவள் குளிக்கப் போனதும் அவனை ஓரமாக அழைத்துக் கேட்டார். அவன் மழுப்பவில்லை. நூறு அக்காவுக்குச் சாமி மாதிரி ஆகிவிட்டது, சொன்னால் மறுநாள் அதைப் பார்த்து நடுங்குவாங்க, தெரியாமலே பல தடவை தாண்டிவிட்டாங்க, போட்டி முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்றான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பொய் முத்திரையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்று மாலையே சொல்லிவிட்டார். நல்ல செய்தி கொண்டுவருகிறவன் முகத்தோடு சொன்னார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டாள். தராசு, சாவி, தட்டு, எல்லாம் வரிசையாகச் சொன்னார்.

"ஆக, நான் எவ்வளவு தூக்குறேன்னு உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்," என்றாள். "எனக்கு மட்டும் தெரியாது."

அவர் உன் முதுகுக்காகத்தான் என்று ஆரம்பித்தார். முதுகு என்னுடையது என்றாள். மறுபடி கத்தியை எடுத்து வெங்காயத்தை நறுக்கினாள்.

மறுநாள் அவள் கூடத்துக்குப் போகவில்லை. அடுத்த நாளும் இல்லை. அசதியாக இருக்கிறது என்று படுத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக உடம்பு கொண்டுவந்த எந்த முறையீட்டையும் ஏற்காதவள், இப்போது அது சொன்னதையெல்லாம் கேட்டாள். மகள் அப்பாவை முறைத்தாள். முத்திரைக்கு முதல்முறையாகத் தன் கைமேலேயே சந்தேகம் வந்தது. தராசைச் சரிபார்க்கப் போய் முள்ளை உடைத்துவிட்டு வந்தோமோ என்று, சோதிக்கப் போன கடையில் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலை அவளாகவே எழுந்து போனாள். என்ன நடந்தது என்பதைச் சுண்ணாம்புதான் பிற்பாடு சொன்னான். உள்ளே வந்தவள் வணக்கம்கூடச் சொல்லாமல், கம்பெனி வெட்டுமேசையில் கோந்து சுரண்டுகிற தகட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டுகளின் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்திருக்கிறாள். எல்லா எண்ணும் வெளியே வரும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் தட்டை அவளே மாட்டினாள், அவளே கூட்டினாள், முழு எண்ணையும் பார்த்துக்கொண்டே தூக்கினாள். சில நாள் நூறு வந்தது. சில நாள் தொண்ணூறே வரவில்லை. அவன் பயந்தது சரிதான் என்பதும் அதில் தெரிந்தது. அவள் அதையும் ஏற்றுக்கொண்டாள். வீட்டில் அவரிடம் தேவைக்குப் பேசினாள். உப்பு, சாவி, கரண்ட் பில், அவ்வளவுதான்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் நடந்தது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எவ்வளவு தூக்கப்போகிறோம் என்று மேசையில் போய்ச் சொல்லவேண்டும். முதல் இரண்டையும் அவளே சொன்னாள், அவளே எடுத்தாள். இரண்டாவது தொண்ணூற்றைந்து. சுண்ணாம்பு பக்கத்தில் நின்று, மூன்றாவதுக்கு நூறு போடலாமா என்று முணுமுணுத்தான். முத்திரை கூட்டத்தோடு கூட்டமாகப் படியில் உட்கார்ந்திருந்தார். வா என்று அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.

அவள் நேராகப் படியேறி அவரிடம் வந்தாள். சட்டைப்பையிலிருந்து அந்த ஆரஞ்சு அடைப்பான்களை எடுத்தாள்.

"கடைசி எடையை நீங்க போய்ச் சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, சுவரோரம் போய்த் திரும்பி நின்றுவிட்டாள்.

மேசைக்கு நடந்துபோன தூரம் அவருக்கு நீளமாக இருந்தது. எதையும் வைத்துப் பார்க்காமல் ஒரு எடையை அவர் வாயால் சொன்னதே இல்லை. மேசைக்காரர் எவ்வளவு என்றார். இவர், தட்டெல்லாம் சோதிச்சதுதானா என்றார்.

"சந்தேகமா இருந்தா நீங்களே தூக்கிப் பாருங்க," என்றார் மேசைக்காரர். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முத்திரை சுவரோரம் நின்ற முதுகைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகப் பார்க்கிற முதுகு. அதை அப்படி ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒரு எண்ணைச் சொன்னார். சுண்ணாம்பு தலையில் கைவைத்துக்கொண்டான்.

பெயர் அழைத்ததும், கூட வந்திருந்த மகள் போய்த் தோளைத் தொட்டாள். அவள் எண் பலகைப் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடியே நடந்து வந்து கம்பிமுன் நின்றாள். கம்பி தரையைவிட்டுக் கிளம்பவே நேரம் எடுத்தது. முழங்காலில் நின்றது. அரங்கமே வேண்டாம் விட்டுவிடு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மெல்ல ஏறி, அவள் நிமிர்ந்து நின்றாள். நடுவர்கள் கை உயர்த்தினார்கள். கம்பியை இறக்கிவைத்துவிட்டு, காதிலிருப்பதை எடுக்காமலே பின்பக்கமாக வெளியே போனாள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவர் வந்து சேர்ந்தபோதுதான் அடைப்பான்களை எடுத்தாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

மறுநாளிலிருந்து பழையபடி பேசினாள். கூடத்துக்குத் தினமும் போகிறாள், தன் தட்டுகளைத் தானே கூட்டி மாட்டுகிறாள், அரைக் கிலோ பிசகினாலும் சுண்ணாம்பைக் கிண்டல் செய்கிறாள். அந்த ஒரு எடையை மட்டும் கேட்கவில்லை. மகள் ஒருமுறை சொல்ல வாயெடுத்தபோது, எழுந்து போய் மிக்ஸியை ஓடவிட்டாள். முத்திரை முதலில் சில மாதம் அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். பிறகு, ஏற்கெனவே தெரிந்துகொண்டு கேட்காமலிருக்கிறாளோ என்று சந்தேகப்பட்டார். இப்போதும் அவள் ஏதாவது கேட்க வாயெடுத்தால், அவர் அந்த எண்ணைத் தயாராக நாக்கில் எடுத்து வைத்துக்கொள்கிறார். அவள் உப்பு எங்கே என்று கேட்கிறாள்.